கோயில் மண்டபத்தில் நின்ற வெண்கல மனிதர்

சீன தேசத்தின் கைஃபெங் நகரில் சியாங்குவோ என்றொரு புராதன பௌத்த ஆலயம் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்நகர் ஸோங் வம்சத்தாரின் தலைநகராக விளங்கியபோது, ஆலயத்தின் மண்டபம் ஒன்றில் வெண்கல உருவம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அது தெய்வத் திருவுருவம் அன்று. அரசரின் சிலையும் அன்று. வளர்ந்த ஆடவர் ஒருவரின் உயரமும் அங்க அமைப்பும் கொண்ட சாதாரண மனித வடிவம். அதன் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நுண்ணிய துளைகள் இடப்பட்டு, ஒவ்வொரு துளையின் அருகிலும் அதன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

அக்குபங்சர் என்று நாம் இன்று அழைக்கும் ஊசி மருத்துவத்தின் புள்ளிகளே அத்துளைகள். மருத்துவம் பயில்வோர்க்கு ஆசானாகவும், பயின்றோர்க்குப் பரீட்சகராகவும் அந்த வெண்கல மனிதர் நின்றார்.

அரசரை வாட்டிய கவலை

சீனரின் ஊசி மருத்துவம் மிகத் தொன்மையானது. ‘மஞ்சள் பேரரசரின் அக மருத்துவ நூல்’ எனப்படும் ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொகுக்கப்பட்டது. மனித உடலில் ‘சி’ என்னும் உயிராற்றல் நாடிப் பாதைகளின் வழியே இடையறாது ஓடுகிறது. அவ்வோட்டம் தடைப்படும்போதும் குன்றும்போதும் நோய் தோன்றுகிறது. பாதைகளின் மேலுள்ள குறிப்பிட்ட இடங்களைத் தூண்டினால் ஓட்டம் சீராகும் என்பது அந்நூல் காட்டும் கொள்கை. ஓராண்டின் நாள்களுக்கு ஈடாக உடலில் 365 புள்ளிகள் உண்டென்றும் அது கூறுகிறது. புள்ளியைக் குறிக்கும் சீனச் சொல்லுக்குக் ‘குழி’, ‘குகை’ என்பதே பொருள். தோலின்மேல் இட்ட பொட்டாக அதை அவர்கள் கருதவில்லை. உள்ளே செல்லும் வாயிலாகவே கருதினர்.

பின்னர் 3-ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி என்னும் அறிஞர் 349 புள்ளிகளை முறைப்படுத்தி நூல் இயற்றினார். ஆயினும், அச்சு பரவாத அந்நாளில் நூல்கள் கையால் படியெடுக்கப்பட்டன. ஒரு படியில் ஓர் எழுத்துப் பிழைத்தால், அடுத்த படியில் ஊசி இறங்கும் இடமே மாறிவிடும். நூலுக்கு நூல் வேறுபாடு பெருகிற்று.

ஊசி தவறினால் வருவது பிழை மட்டுமன்று, பேராபத்தும்கூட. இன்ன உறுப்பில் ஊசி பாய்ந்தால் உயிர் நிலைக்காது என்று எச்சரிப்பதற்கென்றே ஹுவாங்டி நெய்ஜிங்கில் தனி அத்தியாயம் உண்டு. எனவே பேரரசர் ரென்சோங், வாங் வெய்யி என்னும் அரண்மனை மருத்துவரிடம் இக்குழப்பத்தைத் தீர்க்கும் பணியை ஒப்படைத்தார். வாங் வெய்யி பழைய நூல்களை ஒப்புநோக்கி, 354 புள்ளிகளை வரையறுத்து, 1026-ஆம் ஆண்டில் மூன்று பாகங்களாக நூல் இயற்றினார். அந்நூல் கல்லிலும் வெட்டப்பட்டது. அத்துடன் பேரரசர் நிறைவடையவில்லை. சொல்லால் விளக்குவதைக் காட்டிலும் கண்ணால் காணும் உருவமே ஐயத்தை நீக்கும் என்று கருதப்பட்டது. 1027-ஆம் ஆண்டில் இரண்டு வெண்கல உருவங்கள் வார்க்கப்பட்டன. ஒன்று அரசு மருத்துவக் கழகத்துக்குச் சென்றது. மற்றொன்று சியாங்குவோ ஆலய மண்டபத்தில் நின்றது.

மெழுகுப் பரீட்சை

இவ்வுருவத்தைக் கொண்டு நிகழ்ந்த பரீட்சையைப் பற்றிப் பழைய சீனக் குறிப்புகள் சுவையாகக் கூறுகின்றன. உருவத்தின் மேனி முழுவதும் மஞ்சள் மெழுகு பூசப்படும். துளைகளும் பெயர்களும் மெழுகுக்குள் மறைந்துவிடும். உள்ளே நீரோ பாதரசமோ நிரப்பப்படும். மாணவர் தம் கணக்கின்படி இடத்தைத் தேர்ந்து ஊசியைச் செலுத்த வேண்டும். இடம் சரியாயின் ஊசி உட்புகும். உள்ளிருக்கும் திரவம் வெளியே கசியும். ஒரு நூலிழை பிசகினாலும் ஊசி வெண்கலத்தில் மோதி நின்றுவிடும்.

நோயாளியின் உடலில் தடுமாற வேண்டிய விரல், வெண்கலத்தின் மேல் தடுமாறித் திருந்தட்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து. பிறர் வலியைத் தம் பாடசாலை ஆக்கிக்கொள்ளலாகாது என்னும் அறம் அதில் இருந்தது.

அவரவர் விரலே அளவுகோல்

வெண்கல மனிதரின் உயரம் மாறாதது. மருத்துவரை நாடி வருவோரோ குழந்தையாகவும், மூதாட்டியாகவும், நெடிய இளைஞராகவும் இருப்பர். எல்லோர்க்கும் ஒரே அளவு எவ்வாறு பொருந்தும்?

இதற்குச் சீன மருத்துவர் கண்ட வழி வியக்கத்தக்கது. அவர்களின் அளவைக்குச் ‘சுன்’ என்று பெயர். ஒருவருடைய கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன். சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால், நடுக்கணு மட்டத்தில் அவற்றின் அகலம் மூன்று சுன். முழங்கை மடிப்பு முதல் மணிக்கட்டு மடிப்பு வரை பன்னிரண்டு சுன். இங்கே கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: அளக்கப்படும் விரல் மருத்துவருடையது அன்று, நோயாளியினுடையது. குழந்தைக்குக் குழந்தையின் விரல். தாத்தாவுக்குத் தாத்தாவின் விரல். உடல் தன்னைத் தானே அளந்துகொள்கிறது.

திருமேனிகளை வடிக்கும் நம் ஸ்தபதியர், அவ்வத் திருமேனியின் முகத்தையே அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் வகுக்கும் தாலமானத்தை அறிந்த அன்பர்களுக்கு இம்முறை அயலாகத் தோன்றாது. இவ்விரு அளவை மரபுகளையும் வரலாறு ஒருமுறை நேருக்கு நேர் சந்திக்கவும் வைத்தது.

நேபாளத்துச் சிற்பி

காலம் சுழன்றது. ஸோங் வம்சத்தின் தலைநகர் வீழ்ந்தது. வெண்கல உருவங்களுள் ஒன்று மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவையை அடைந்தபோது, அது மிகவும் சிதைந்திருந்தது. அதைச் செப்பனிட வல்லவர் எவரும் கிடைக்கவில்லை.

அவ்வேளையில் அவைக்கு வந்து சேர்ந்தவர் அரனிகோ. நேபாளத்தின் காட்மாண்டு பள்ளத்தாக்கில் தோன்றிய சிற்பி. திபெத்தில் பொன் தூபி ஒன்றை எழுப்புவதற்காக 1260-ஆம் ஆண்டில் சென்ற நேபாளக் கலைஞர் குழுவுக்குப் பதின்வயதிலேயே தலைமை ஏற்றவர். உருவங்களின் அளவை உரைக்கும் சிற்ப நூலை உடன் பயின்றவர் ஒருவர் வாய்விட்டு ஓத, அதை ஒருமுறை கேட்டே மனனம் செய்துவிட்டாராம் இந்தச் சிறுவர் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

பேரரசர் வெண்கல உருவத்தைக் காட்டி, இதைச் சீர்செய்ய இயலுமா என வினவினார். இதுவரை இத்தகைய வேலையைச் செய்ததில்லை, எனினும் முயன்று பார்க்கிறேன் என்று அரனிகோ பணிவுடன் விடையளித்தார். 1265-ஆம் ஆண்டில் பணி நிறைவுற்றது. மூட்டுகளும் நாடிப் பாதைகளும் ஒன்றும் விடுபடாமல் அமைந்திருந்ததைக் கண்டு, அவையின் கைவினைஞர்கள் அனைவரும் வியந்தனர். இதே அரனிகோ எழுப்பிய வெண்தூபி 1279-இல் நிறைவெய்தி, இன்றும் பெய்ஜிங் நகரில் ஓங்கி நிற்கிறது.

வழிபாட்டுத் திருவுருவங்களை வடித்துப் பழகிய கைகளே, நோயாளியின் உடலைக் காக்கும் உருவத்தையும் மீட்டுத் தந்தன. அதன் பிறகு 1443-இல் மிங் அரசர் புதிய வெண்கல உருவம் ஒன்றை வார்ப்பித்தார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த உருவமே என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

பெயரில் மறைந்த பொருள்

புள்ளிகளின் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு சித்திரம். அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

உச்சந்தலையின் நடுவே, இரு காதுகளின் நுனிகளை இணைக்கும் கோடு தலையின் மையக் கோட்டைச் சந்திக்கும் இடம் ‘பாய்ஹுயி’. ‘நூறு கூடுமிடம்’ என்பது பொருள். தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் இதனை நாடுவர்.

உள்ளங்காலில், பாதத்தை வளைத்தால் முன்புறம் தோன்றும் பள்ளம் ‘யோங்சுவான்’, ‘பீறிடும் ஊற்று’. மயக்கமுற்றோரைத் தெளிவிக்க இப்புள்ளியைத் தூண்டுவது மரபு.

மணிக்கட்டின் உட்புற மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக இருப்பது ‘ஷென்மென்’, ‘ஆன்ம வாயில்’. உறக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் உரியது.

அதே மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி இரண்டு சுன் தொலைவில், இரு தசைநாண்களுக்கு நடுவே அமைந்தது ‘நெய்குவான்’, ‘உள்வாயில்’. குமட்டலைத் தணிப்பதற்குப் பெயர் பெற்றது.

முழங்காற்சில்லின் கீழ் வெளிப்புறக் குழியிலிருந்து மூன்று சுன் இறங்கி, முன்காலெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளி இருப்பது ‘சூசான்லி’. ‘காலின் மூன்று காதம்’ எனலாம். செரிமானக் கோளாறுக்கும் களைப்புக்கும் இதுவே முதலிடம் பெறும். சோர்ந்த கால்களை மேலும் நெடுந்தொலைவு நடக்கச் செய்யும் என்னும் நம்பிக்கையால் இப்பெயர் அமைந்ததென்பர். ஜப்பானியக் கவிஞர் பாஷோ, 1689-இல் தம் நெடும் பயணத்துக்குப் புறப்படுமுன் இப்புள்ளியில் மூலிகைச் சூடு இட்டுக்கொண்டார்.

மூலிகைச் சூடு என்பதும் இம்மருத்துவத்தின் சரிபாதி. நாம் இறைவனுக்குச் சாற்றும் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் இலையை உலர்த்தி, பஞ்சுபோல் இடித்து, புள்ளியின் மேலோ அருகிலோ கனலவிட்டு வெம்மையூட்டுவர்.

மருத்துவ வேந்தர்

இம்மரபில் பேராசானாகப் போற்றப்படுபவர், 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸுன் சிமியாவ். ‘மருத்துவ வேந்தர்’ என்னும் பட்டத்துடன் சீனாவில் அவருக்குக் கோயில்களே உண்டு. பெயரிடப்பட்ட புள்ளிகள் மட்டும் போதா என்று உணர்ந்தவர் அவர். நோயாளியின் உடலைத் தடவி அழுத்திச் செல்கையில், “ஆ, அங்கேதான்!” என்று அவர் கூவும் இடமும் ஒரு புள்ளியே என்று வகுத்தார். ‘ஆ ஷி’ என்றே அதற்குப் பெயர். நூல் சொல்வதைக் கற்ற பின்பு, நோயாளி சொல்வதையும் கேள் என்பது இதன் பொருளன்றோ!

நாடி வருவோர் செல்வரா வறியவரா, உற்றவரா பகைவரா என்று நோக்காமல், அனைவரையும் தம் உறவினராகவே எண்ணி மருத்துவம் செய்ய வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அவர்தம் பெருநூலில் பதினெட்டு அசைவுகள் கொண்ட உடற்பயிற்சி ஒன்று இடம்பெறுகிறது. அதை அவர் பாரத தேசத்து முறை என்றும், அந்தணர் வழி வந்தது என்றும் குறித்திருக்கிறார். மருத்துவ ஞானம் இரு நாடுகளுக்கிடையே பயணம் செய்ததற்கு அது சான்று. மறுதிசைப் பயணமும் நிகழ்ந்தது. 1938-இல் போரில் காயமுற்றோர்க்குத் தொண்டாற்றச் சீனா சென்ற இந்திய மருத்துவர் ஐவருள் ஒருவரான பி.கே. பாசு, பிற்காலத்தில் அங்கே ஊசி மருத்துவம் பயின்று, அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்.

இன்றைய ஆய்வு உரைப்பது

புள்ளிகளின் இடத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சி இன்றும் ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் 2003 முதல் சீன, ஜப்பானிய, கொரிய வல்லுநர்கள் கூடி ஆராய்ந்தனர். 361 புள்ளிகளுள் 92-இல் அவர்களிடையே வேறுபாடு இருந்தது. பல அமர்வுகளுக்குப் பின், ஆறே புள்ளிகள் நீங்கலாக மற்றவற்றில் உடன்பாடு கண்டனர்.

பயனைக் குறித்த ஆய்வுகள் கலவையான விடையையே தருகின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் குமட்டலை நெய்குவான் புள்ளி குறைக்கிறது என்பதற்குக் கணிசமான சான்று உண்டு. ஆனால், 2007-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று சிந்திக்க வைக்கிறது. நாள்பட்ட இடுப்புவலியுடைய 1162 பேரிடம் அது நிகழ்த்தப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின், முறையான புள்ளிகளில் ஊசி பெற்றோருள் 47.6 விழுக்காட்டினர் நலம் கண்டனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றோருள் 44.2 விழுக்காட்டினரும் நலம் கண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் நலம் கண்டவர் 27.4 விழுக்காட்டினரே.

அவ்வாறாயின் புள்ளியைத் துல்லியமாகத் தேடுவது வீணா? வலி தணிவதில் புள்ளியின் பங்கு எவ்வளவு, பொறுமையாகத் தொட்டுப் பேணும் கையின் பங்கு எவ்வளவு என்பதை ஆய்வாளர் இன்னும் விவாதிக்கின்றனர். ஒன்றில் மட்டும் ஐயமில்லை. தோளின் மேலுள்ள ‘ஜியன்ஜிங்’ புள்ளிக்கு அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது. அங்கே ஊசி ஆழ்ந்தால் நுரையீரல் துளைபட்டு மூச்சு முட்டும். உயிருக்கே ஊறு நேரலாம். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்னும் கணக்கு, குணப்படுத்துவதற்கு முன்பே காப்பதற்காக ஏற்பட்டது.

இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

ஊசியை இடுவது முறையாகப் பயின்றோர்க்கே உரியது. ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மீண்டும் பயன்படுத்தாதவரா என்று கேட்டறிந்த பின்பே அவரை நாட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் அதை முன்னதாகவே தெரிவித்தல் அவசியம். மார்பு வலி, திடீர்ப் பலவீனம், கடுங்காய்ச்சல் போன்றவற்றுக்குப் புள்ளிகளைத் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

விரலால் மென்மையாக அழுத்துவது வேறு. பேருந்துப் பயணத்தில் குமட்டல் எடுக்கும் குழந்தையின் மணிக்கட்டில் நெய்குவானை அன்னை சற்றுநேரம் அழுத்திவிடலாம். அப்போது நினைவிற்கொள்ள வேண்டியது, இரண்டு சுன் தொலைவை அளக்க வேண்டியது குழந்தையின் கட்டைவிரலால்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ‘ஹெகு’ புள்ளியையும், கணுக்காலின் உட்புறத்துக்கு மூன்று சுன் மேலுள்ள ‘சான்யின்ஜியாவ்’ புள்ளியையும் கருவுற்ற தாய்மார்க்குத் தூண்டலாகாது என்பது அம்மரபின் உறுதியான விதி.

வெண்கல மனிதரின் மேனியில் ஊசி தவறியபோது எவர்க்கும் வலிக்கவில்லை. அவர் முன்னே பிழைத்துத் திருந்திய விரல்கள், பின்னர் எத்தனையோ உயிருள்ள உடல்களை நோகாமல் தொட்டிருக்கும். அவ்வுருவம் ஆலய மண்டபத்தில் இடம் பெற்றது பொருத்தமே.