டச்சுக் கப்பல் கண்ட கிராமங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சென்றால், நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே புலியூர்க்குறிச்சி என்றொரு சிற்றூர் வரும். அங்கே ஒரு கோட்டை. கோட்டைக்குள் கூரை இழந்த ஒரு தேவாலயம். அதன் தரையில் ஒரு கல்லறை. கல்லறைமேல் உள்ள எழுத்து இரண்டு மொழிகளில் இருக்கிறது. ஒன்று லத்தீன். மற்றொன்று தமிழ்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் படைத்தலைவன் ஒருவன் 1777-ம் ஆண்டு இறந்தபோது அவன் கல்லறையில் பொறிக்கத் தகுந்த ஊர் மொழி தமிழ் என்று அன்றைக்கு முடிவாயிற்று. கேரளத் தலைநகரில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் இந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள்? பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாத குடும்பம் இல்லை. அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தக் கோட்டைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தப் படைத்தலைவன் பெயர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். டச்சுக்காரன் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அவர் பிறந்த ஆராஸ் நகரம் இன்றைய பிரான்ஸ் நாட்டின் வடக்கில் இருக்கிறது. மதத்தால் கத்தோலிக்கர். சம்பளத்துக்கு டச்சுக் கம்பெனியில் சேர்ந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் வந்த கப்பல் டச்சுக் கப்பல். அது கண்ட கரை நம் குளச்சல்.

லந்தைக்காரர்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் போன்ற பெரிய நகரம் மட்டுமல்ல, ஹோர்ன், என்க்ஹைசன் போன்ற சிறிய துறைமுக ஊர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களில் வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி வாழ்ந்த ஜனங்கள் மிளகுக்காக உலகின் மறுகோடிக்கு வந்தார்கள். 1663-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். மலையாளக் கரையில் அவர்களுக்கு லந்தக்காரர் என்று பெயர். இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர். அவர்கள் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் 'துட்டு' என்கிறோம். அது அவர்களுடைய செப்புக் காசின் பெயர். வேறொரு சொல்லும் அவர்களிடமிருந்தே வந்தது. அது 'கக்கூஸ்'.

அவர்களுக்கு இடைஞ்சலாக முளைத்தவர் மார்த்தாண்ட வர்மா. சின்னச் சின்ன ராஜ்யங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வடக்கே போனார். ராஜ்யங்கள் பலவாக இருந்தால்தான் மிளகு மலிவாகக் கிடைக்கும்; ஒரே ராஜா என்றால் விலை அவர் சொல்வதுதான். 1739-ல் இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோஃப் நேரில் வந்து பேசிப் பார்த்தார். பேச்சு முறிந்தது. கவர்னர் படையெடுப்பேன் என்று மிரட்ட, நானும் ஒருநாள் ஐரோப்பாவுக்குப் படை அனுப்ப யோசிப்பேன் என்று ராஜா பதில் சொன்னதாகக் கதை உண்டு.

1740 முடிவிலும் 1741 தொடக்கத்திலும் இலங்கையிலிருந்து கப்பல்கள் வந்தன. குளச்சலை பீரங்கியால் தாக்கினார்கள். தேங்காய்ப்பட்டணம், மிடாலம், கடியபட்டணம், இரணியல் என்று ஊர் ஊராகப் பிடித்தார்கள். இந்தப் பெயர்களைச் சொல்லும்போது வாசகர்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்வார்கள். அவர்கள் மாமியார் வீடு அங்கே இருக்கும்.

வடக்கே போர்முனையில் இருந்த ராஜா திரும்பி ஓடி வந்தார். டச்சுக்காரர்கள் குளச்சலில் கடற்கரையோரம் வேலி அடைத்து உள்ளே ஒடுங்கினார்கள். இலங்கையிலிருந்தோ படேவியாவிலிருந்தோ உதவி வரவில்லை. ஜாவாவில் அவர்களுக்கே பெரிய கலகம் மூண்டிருந்தது. கடல் பக்கத்திலும் வழி இல்லாமல் போயிற்று. முக்குவர் சமுதாய மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்திக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள், கப்பலில் இருந்தவர்கள் அதைப் பெரும் படை என்று நினைத்துப் பயந்தார்கள் என்று அந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள். கடைசியில் ராஜாவின் குண்டு பட்டு உள்ளே இருந்த வெடிமருந்து தீப்பிடித்தது. 1741 ஆகஸ்டில் சரணாகதி நடந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய்.

பீரங்கியும் கப்பலும் கொண்டு வந்த ஐரோப்பியக் கம்பெனி ஒரு இந்திய அரசனிடம் இப்படித் தோற்றது பெரிய சங்கதி. 1753-ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை எழுதி, திருவிதாங்கூர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று டச்சுக்காரர் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியே 1799-ல் கலைக்கப்பட்டது. குளச்சல் கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறது. திருவிதாங்கூர் படையின் வாரிசான மதராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாளம் ஜூலை 31-ஐக் குளச்சல் தினமாகக் கொண்டாடும்.

தில்லானைக் கோட்டை

தோற்றவனைத் தூக்கிலிடாமல் வாத்தியாராக வைத்துக்கொண்டதில்தான் மார்த்தாண்ட வர்மாவின் புத்தி இருக்கிறது. டிலனாய் துப்பாக்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். ஏற்கெனவே இருந்த உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் திரும்பக் கட்டினார். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார். 'வலிய கப்பித்தான்' ஆனார். முப்பத்தாறு வருஷம் இந்த மண்ணிலேயே இருந்து, இங்கேயே இறந்தார். ஊரார் அவர் பெயரைத் தமிழ் நாக்குக்குப் பழக்கி, கோட்டைக்குத் தில்லானைக் கோட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1765-ல் களக்காட்டுப் போரில் மாண்ட அவர் மகன் ஜொஹானசும் அந்தத் தேவாலயத்திலேயே உறங்குகிறான். இன்று கோட்டைக்குள் தமிழக வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா நடக்கிறது. மான் பார்க்க வருகிறவர்களுக்குக் கல்லறை ஒரு உபரி.

டிலனாயோடு பழகிய அரண்மனை உத்தியோகஸ்தர்களில் நட்டாலம் நீலகண்ட பிள்ளை என்பவர் உண்டு. மாடும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் நொந்திருந்த அவருக்கு டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். அதே மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ராஜாவின் பெருமையை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவது வழக்கம். இரண்டும் ஒரே ராஜ்யத்தில் நடந்தவைதான்.

விளையும் ஏலாவும்

1979-ல் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கிராமங்களைப் பார்ப்பது எளிதாகிவிட்டது. ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவன் என்பதால் சொல்லவில்லை. பாறசாலை தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். பாண்டி நாட்டுக் கிராமம் போல் வீடுகள் ஓரிடத்தில் குவிந்து இரா. வீட்டுக்கு வீடு ஒரு தோட்டம். தென்னை, பனை, பலா, வாழை, மரச்சீனி நிற்கும் மேட்டு நிலத்துக்கு விளை என்று பெயர்; பள்ளத்து நெல்வயலுக்கு ஏலா. ஊர்ப் பெயரில் பாதி 'விளை' என்றுதான் முடியும். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது தபால்காரருக்குத்தான் தெரியும். பதநீரை அக்கானி என்பார்கள். ஏலாக்கள் வேகமாக மண் போட்டு மேடாக்கப்பட்டு வருகின்றன. அங்கே ரப்பரும் வீட்டு மனையும் வந்தபிறகு 'ஏலா' என்ற சொல்லை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

இரணியல் ஒரு காலத்தில் வேணாட்டு அரசர் இருந்த ஊர். அரண்மனை நெடுங்காலம் இடிந்து, மரமும் ஓடும் போய்க் கிடந்தது. பிறகுதான் அரசு சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கியது. ஊரின் கைத்தறிக்கும் பேர் உண்டு. பக்கத்துத் தக்கலை, தமிழில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடிய பீர்முகமது அப்பாவின் ஊர். அவரும் தறி நெய்தவர் என்றே சொல்கிறார்கள். அவருடைய ஞானப் புகழ்ச்சியைத் தர்காவில் விடிய விடியப் பாடுவது இன்றும் நடக்கிறது.

பத்மநாபபுரத்தின் கதை விசித்திரமானது. கல்குளம் என்பது பழைய பெயர். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. ஊர் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை போனால் கதவு சாத்தியிருக்கும், ஞாபகம் இருக்கட்டும். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகக் கோட்டைக்குள் வந்து சேர்வதை நாம் கரமனையில் நின்று கும்பிடுகிறோம். அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்தது என்பது நம்பிக்கை. இரண்டு மாநிலப் போலீசாரும் சேர்ந்து மரியாதை செலுத்தும் ஊர்வலம் வேறு எங்கே இருக்கிறது!

கல்லறையும் கோட்டையும் ஒரு அரசிடம். அந்தக் கோட்டை காத்த அரண்மனை இன்னொரு அரசிடம். இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் மார்த்தாண்ட வர்மாவைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர் ஜெயித்த களம் தாத்தாவின் ஊர் என்பதை வீட்டில் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

கடற்கரையில்

கரையோரக் கிராமங்களுக்கு டச்சுக்காரர் போனபிறகும் கடல் விருந்தாளிகள் ஓயவில்லை. 1909 வாக்கில் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். கியாஸ் விளக்கு மாண்டிலுக்கு அது வேண்டும். தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். அடுத்த ஊர் மண்டைக்காடு. மாசிக் கொடைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து போகாத பெண்கள் உண்டா?

திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகில் இணைக்க வேண்டும் என்று 1860-ல் வெட்டத் தொடங்கியது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். முழுதாக முடியவில்லை. கரைக் கிராமங்களுக்குப் பின்புறம் துண்டு துண்டாகக் கிடந்தது, தூர்ந்தது, சாக்கடையானது. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டு ஜனங்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். முன்னால் கால்வாய், பின்னால் கடல். ஓடியவர்கள் பலர் கால்வாயிலேயே மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதிகம். ராஜா காலத்தில் ஊரை இணைக்க வெட்டியது, ஊருக்குக் குறுக்கே நின்றது. பாலம் போதிய இடங்களில் இருந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று அந்த ஊரில் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

2016 ஜூலையில் குளச்சலுக்கு அருகே இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்க மத்திய மந்திரி சபை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. வேலைவாய்ப்பு வரும் என்று ஆதரித்தவர்களும் உண்டு. கடலை மறித்துக் கல் போட்டால் பக்கத்துக் கரை அரித்துப் போகும், வீடும் வள்ளமும் எங்கே வைப்பது என்று மீனவர்கள் திரண்டார்கள். திட்டம் கன்னியாகுமரிப் பக்கம் நகர்ந்தது, அங்கேயும் எதிர்ப்பு. இதற்கிடையே வடக்கே நம் விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டி முடிந்து, 2025 மே 2-ல் திறப்பு விழாவும் நடந்துவிட்டது. இனயத்துக்காரர்கள் இப்போதும் காலையில் வள்ளம் இறக்குகிறார்கள். தொடுவானத்தில் விழிஞ்ஞத்துக்குப் போகும் பெரிய கப்பல்கள் அவர்கள் கண்ணில் படுகின்றன.