மாறியின் வரையெல்லை

நிரலில் ஒரு மதிப்பைக் குறிக்க வைக்கப்படும் பெயர் மாறி எனப்படும். அப்பெயர் நிரலின் எந்தப் பகுதிவரை செல்லுபடியாகும் என்பதை வகுப்பதே அதன் வரையெல்லை. ஒரு தொகுதிக்குள் அறிவித்த பெயர் அத்தொகுதியோடு முடியும் என்னும் நெறியை அல்கால் 60 மொழியே வகுத்திருந்தும், 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கைக்கொள்ளவில்லை. ‘வார்’ என்னும் சொல்லால் அறிவிக்கப்படும் மாறி, தொகுதியை வகுக்கும் நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்பட்டாலும், அவற்றைச் சூழ்ந்துள்ள செயற்கூறு முழுவதற்கும் உரியதாகிவிடும்.

இதன் விளைவைத் தொடக்க நிலையினர் பெரும்பாலும் மடக்கில்தான் சந்திக்கின்றனர். 0 முதல் 2 வரை எண்ணும் ஒரு மடக்கு, ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணை ஒரு நொடி கழித்து அச்சிடுமாறு ஒரு செயற்கூற்றை உலாவியிடம் ஒப்படைத்தால், 0, 1, 2 என எதிர்பார்த்தவருக்கு 3, 3, 3 என்றே விடை கிடைக்கும். மூன்று செயற்கூறுகளுக்கும் பொதுவாக இருப்பது ஒரே மாறி. அவை இயங்கத் தொடங்கும் முன்பே மடக்கு முடிந்து, அதன் மதிப்பு 3 ஆகியிருக்கும். 2015ஆம் ஆண்டின் தர வரையறையில் வந்த ‘லெட்’, தொகுதிக்குள் அடங்குவதோடு ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறியையே தருவதால், இந்தச் சிக்கல் எழுவதில்லை.

எச்செயற்கூற்றுக்குள்ளும் அடங்காமல் அறிவிக்கப்படும் முழுதளாவிய மாறி இன்னும் வஞ்சகமானது. ‘நேம்’ என்ற பெயரில் ‘வார்’ கொண்டு அவ்வாறு ஒரு மாறியை அறிவித்து அதில் 25 என்ற எண்ணை இட்டால், உலாவிச் சாளரம் ஏற்கெனவே அப்பெயரில் எழுத்துச்சரம் ஒன்றை வைத்திருப்பதால், எண் சரமாகிவிடும். அதனுடன் 1 கூட்டினால் 26க்குப் பதில் 251 வரும். அறிவிக்காமலே மதிப்பளிக்கப்பட்ட பெயரும், அது செயற்கூற்றுக்குள் இருந்தாலும், சத்தமின்றி முழுதளாவியதாகிவிடும். 2009இல் வந்த கண்டிப்பு முறையை இயக்கினால் மட்டுமே அது பிழையாக அறிவிக்கப்படும்.

ஆகவே பெயரை முதன்முதலாகத் தேவைப்படும் இடத்திலேயே, இயன்ற அளவு சிறிய தொகுதிக்குள் அறிவிப்பதும், முதலில், பெயருக்கு வேறு மதிப்பளிக்க விடாத ‘கான்ஸ்ட்’ எழுதி, மதிப்பை மாற்றியே தீரவேண்டிய இடத்தில் மட்டும் ‘லெட்’டுக்கு மாறுவதும் நல்ல பழக்கங்கள். புதிய நிரலில் ‘வார்’ எழுதக் காரணம் அரிது. ‘கான்ஸ்ட்’ பூட்டுவது பெயரை மட்டுமே: அது சுட்டும் பட்டியலில் புதிய உறுப்புகளைச் சேர்ப்பதை அது தடுப்பதில்லை.