'இலவச பொய்லர்': கையொப்பமிட முன் தெரிந்திருக்க வேண்டியவை

பிரித்தானியாவில் ஒக்டோபர் பிறந்து குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் எமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வந்து சேரும். "அரசாங்கம் பொய்லர் இலவசமாகக் கொடுக்கிறது. கடைசிச் சந்தர்ப்பம், இன்றே விண்ணப்பியுங்கள்." கீழே ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கும். யாருடைய இலக்கம் என்று பகிர்ந்தவருக்கும் தெரியாது, பகிர்ந்ததைப் பெற்று மீண்டும் பகிர்ந்தவருக்கும் தெரியாது.

நான் சில வருடங்களாக எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின்னர் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஆங்கிலப் படிவங்களை நிரப்பச் சிரமப்படுபவர்களுக்கு உதவி வருகிறேன். குளிர்காலத்தில் அந்த மேசைக்கு வருபவர்களில் அரைவாசிப் பேர் பொய்லர் பற்றித்தான் கேட்பார்கள். உண்மையில் தகுதியுள்ள முதியவர்கள் "நமக்கெதற்கு அரசாங்கத்திடம் கையேந்துவது" என்று ஒதுங்கி நிற்க, தகுதி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் கதவைத் தட்டியவனிடம் கையொப்பமிட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். இருசாராருக்கும் குழப்பம் வருவது 'இலவசம்' என்ற சொல்லால்தான்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே பொய்லர் என்பது சுவரில் மாட்டியிருக்கும் எரிவாயு இயந்திரம். குழாயில் சுடுநீர் வருவதும், அறைகளில் உள்ள ரேடியேட்டர்கள் சூடாவதும் அதனால்தான். ஜனவரியில் அது நின்றுபோனால் வீட்டுக்குள் இருந்தபடியே மூச்சு புகையாக வெளிவரும். சுபஹ் தொழுகைக்கு வுழூச் செய்வது எழுபது வயதான ஒருவருக்கு ஒரு சோதனையாகிவிடும். புதிய பொய்லர் ஒன்றைப் பொருத்த இரண்டாயிரம், மூவாயிரம் பவுண் என்று கேட்பார்கள். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை.

முதலில், இந்தப் பணம் யாருடையது? 'அரசாங்க பொய்லர் திட்டம்' என்ற பெயரில் எந்தத் திட்டமும் இல்லை. மக்கள் அப்படிச் சொல்வது பெரும்பாலும் ஈகோ 4 என்ற திட்டத்தைத்தான். எரிசக்தி நிறுவனங்கள் மீது சட்டம் சுமத்தியிருக்கும் ஒரு கடப்பாடு அது. 2013 இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின் நான்காவது கட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பெரிய மின்சார, எரிவாயு விநியோக நிறுவனங்கள் வறிய குடும்பங்களின் வீடுகளைச் சூடு தங்கும் வீடுகளாக மாற்ற வேண்டும். ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு அதைக் கண்காணிக்கும். நிறுவனங்கள் அந்தச் செலவைத் தமது இலாபத்திலிருந்து கொடுக்கவில்லை, எல்லோருடைய மின், எரிவாயுக் கட்டணத்திலும் சேர்த்து அறவிட்டு வந்தன. ஆகவே வெட்கப்பட்டு ஒதுங்கும் பெரியவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இத்தனை வருடமாக நீங்கள் கட்டிய பில்லில் இதற்கான பங்கும் இருந்தது.

தகுதிக்கு வருவோம். இரண்டு பக்கம் பார்ப்பார்கள், ஒன்று வீடு, மற்றது குடும்பம்.

வீட்டுக்கு ஈபிசி என்ற எரிசக்திச் சான்றிதழ் இருக்கும். ஏ இலிருந்து ஜீ வரை தரம் பிரித்திருப்பார்கள். சொந்த வீடாயின் டீ, ஈ, எஃப், ஜீ தரத்தில் இருக்க வேண்டும். சீ தரத்தில் இருந்தால் உங்கள் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கதவு மூடியதுதான். அரசாங்க இணையத்தளத்தில் போஸ்ட்கோடைக் கொடுத்தால் உங்கள் வீட்டின் தரத்தை இலவசமாகப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. யாரிடமும் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பதற்கு முன்னர் இதைச் செய்துவிடுங்கள்.

குடும்பத்தில் யாராவது யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், வீட்டு வாடகைக் கொடுப்பனவு போன்றவற்றில் ஒன்றைப் பெற்றால் போதும். சைல்ட் பெனிஃபிட்டும் கணக்கில் வரும், இது எம்மவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு. கணவன் மனைவி இருவரும் உள்ள குடும்பத்தில் ஒரு பிள்ளை என்றால் ஆண்டு வருமானம் 27,500 பவுணுக்குள், இரண்டு பிள்ளைகள் என்றால் 32,300 பவுணுக்குள், நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் 42,000 பவுணுக்குள் இருக்க வேண்டும். டாக்ஸி ஓட்டியும் கடையில் நின்றும் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் பல இந்த வரம்புக்குள் வருகின்றன.

எந்தக் கொடுப்பனவும் பெறாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கவுன்சில் பரிந்துரைக்கும் 'ஃபிளெக்ஸ்' வழி அது. வீட்டின் மொத்த வருமானம் 31,000 பவுணுக்குள் இருப்பவர்களைக் கவுன்சில் சேர்த்துக்கொள்ளலாம். இதய நோய், சுவாச நோய், நோயெதிர்ப்புக் குறைவு, நடமாடுவதில் சிரமம் ஆகியவற்றால் குளிரைத் தாங்க முடியாத குறைந்த வருமானக் குடும்பங்களை டொக்டர் மூலமாகவும் அனுப்பி வைக்கலாம். எல்லாக் கவுன்சில்களும் இதில் சேர்ந்திருக்கவில்லை. சேர்ந்தவை தமது நிபந்தனைகளை எழுத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, ஈகோ ஃபிளெக்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி வட்ஸ்அப் செய்தியில் ஒருபோதும் வராத பகுதி. ஈகோ 4 பொய்லரை மாத்திரம் கொடுக்கும் திட்டம் அல்ல. முழு வீட்டையும் பார்க்கிற திட்டம். டீ, ஈ தரத்தில் உள்ள வீட்டை சீ தரத்துக்கும், எஃப், ஜீ தரத்தில் உள்ளதை குறைந்தது டீ தரத்துக்கும் உயர்த்த வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்காகக் கூரைக்குக் கீழே பஞ்சு விரிப்பார்கள், சுவரின் இடைவெளியை நிரப்புவார்கள், காற்றோட்டம் செய்வார்கள்.

கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த ஒரு சாச்சா என் மேசைக்கு வந்தார். பென்ஷன் கிரெடிட் பெறுபவர். அவர் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பங்கரைக்குப் பின்னால் மறைத்து வைத்த பழைய காலத்துப் பொய்லர். எல்லாத் தகுதியும் இருந்தது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, கூரைப் பஞ்சு, சுவர் நிரப்பல், குளியலறைக்கும் குசினிக்கும் காற்றாடி, அறைக் கதவுகளின் அடிப்பகுதியைச் சற்று அறுப்பது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டார். சாச்சா கடும் கோபத்தில் வந்தார்.

"தம்பி, நான் கேட்டது பொய்லர். கதவ என்னத்துக்கு அறுக்கிற?"

"சாச்சா, பஞ்சு போட்டு வீட்ட இறுக்கினா உள்ளுக்க இருக்கிற ஈரம் வெளியே போகணும். இல்லாட்டி சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்."

இரண்டு கிழமை யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். அந்த யோசனை தேவையானது என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்த வேலைகள் சரியாகச் செய்யப்படாத வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. 2025 ஒக்டோபரில் தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஈகோ 4 இலும் அதையொத்த இன்னொரு திட்டத்திலும் வெளிச்சுவர்க் காப்பு போடப்பட்ட வீடுகளில் 98 சதவீதமானவற்றில் திருத்த வேண்டிய குறைகள் இருந்தன. எண்ணிக்கையில் 22,000 முதல் 23,000 வீடுகள். உட்சுவர்க் காப்புப் போட்டவற்றில் 29 சதவீதம். பொய்லர் ஆசையில் வெளிச்சுவருக்குக் கையொப்பமிடுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை வாசித்துவிட்டு பேனையை எடுக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட ஒவ்வொரு வேலையும் ஏன் தேவை என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. விருப்பமில்லாவிட்டால் முழுவதையும் மறுக்கலாம், பொய்லரும் அதோடு போய்விடும் என்பதை மட்டும் அறிந்து மறுக்க வேண்டும்.

எந்தப் பொய்லருக்கு வாய்ப்பு அதிகம் என்பதிலும் தெளிவு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் 'கண்டென்சிங்' வகைப் பொய்லர்களையே பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முந்திய வகை உங்கள் வீட்டில் இருந்தால் மாற்றுவதற்கு இடமுண்டு. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய கண்டென்சிங் பொய்லர் பழுதாகிப்போனால் அது வேறு கணக்கு. அப்படிப்பட்டவற்றை மாற்றுவதற்கு ஆண்டொன்றுக்கு 5,000 என்று முழு நாட்டுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பத்தாயிரக்கணக்கானோர் கேட்டால் கிடைக்காதவர்களே அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பொய்லரை 'பழுது' என்று எழுதச் சொல்பவன் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் கதவைத் தட்டுபவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்ல. பெயர்களைச் சேர்த்துப் பொருத்துநர்களுக்கு விற்று கொமிஷன் பெறுபவர்கள். எங்கள் பகுதியில் ஒருவர், சலாம் சொல்லிக்கொண்டே வந்து, நலமாக இருக்கும் ஒரு தாய்க்கு தொய்வு இருப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கையொப்பம் மட்டும் அவருடையது. பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கையொப்பமிட்டவரும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். சட்டத்தை விடுங்கள், இல்லாத நோயைச் சொல்லிப் பெறுவது இருக்கும் நோயாளியின் இடத்தை எடுப்பது. படிவத்தை பிள்ளைகளோ நம்பிக்கையான ஒருவரோ வாசித்துச் சொல்லும் வரை கையொப்பம் வைக்காதீர்கள்.

வருபவரிடம் இரண்டு விடயங்களைச் சரிபாருங்கள். நிறுவனம் ட்ரஸ்ட்மார்க் பதிவில் இருக்க வேண்டும். எரிவாயுவைத் தொடுபவர் கேஸ் சேஃப் பதிவில் இருக்க வேண்டும். அவருடைய அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சிட்டிருக்கும், திருப்பிப் பாருங்கள். உங்களிடமிருந்து ஒரு பங்குத் தொகை கேட்க இத்திட்டத்தில் நிறுவனங்களுக்குத் தடையில்லை. ஆதலால் 'ஒரு சதமும் வேண்டாம்' என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தப் பாதை பெரும்பாலும் தேவையே இல்லை. 1985 ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குடியிருப்பாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, சூடாக்கும் வசதியையும் சுடுநீர் வசதியையும் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதே சுமத்துகிறது. எம்மவர் ஒருவரே உரிமையாளராக இருந்து, "கிராண்டுக்குப் போட்டிருக்கிறேன், பொறுங்கள்" என்று குடியிருப்பவரை ஒரு குளிர்காலம் முழுவதும் காக்க வைத்ததை நான் கண்டிருக்கிறேன். விண்ணப்பம் போட்டது சட்டக் கடமையைத் தள்ளிவைக்காது. பழுதை எழுத்தில் அறிவியுங்கள், அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு முறையிடுங்கள்.

பராமரிப்புப் பணியாளர் விசாவிலும் மாணவர் விசாவிலும் அண்மைக்காலத்தில் வந்திருக்கும் எமது இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்ற நிபந்தனை இருந்தால் யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் போன்றவற்றை நீங்கள் கோர முடியாது. பொய்லருக்குத் தகுதி பெறுவதற்காக யாராவது "முதலில் பெனிஃபிட்டுக்கு போடுங்கள்" என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விசா நீடிப்பே கேள்விக்குறியாகிவிடும். அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

'கடைசிச் சந்தர்ப்பம்' என்ற கூச்சலுக்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது. ஈகோ 4 முதலில் 2026 மார்ச் 31 வரை என்றே வகுக்கப்பட்டது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றேச்சல் றீவ்ஸ் இந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். திட்டம் முடியும் காலத்தில் பொருத்துநர்கள் புதிய விண்ணப்பங்களை முன்கூட்டியே நிறுத்திவிடுவது வழமை. அதனால் உங்கள் பகுதியில் இன்னும் எது திறந்திருக்கிறது என்பதைக் கவுன்சிலிடமே கேட்டறிய வேண்டும், துண்டுப்பிரசுரத்தில் அல்ல. இங்கிலாந்தில் 2025 இல் தொடங்கிய வார்ம் ஹோம்ஸ் உள்ளூர் மானியம் கவுன்சில்கள் மூலம் கிடைக்கிறது. பொதுவாக 36,000 பவுணுக்கு உட்பட்ட வருமானக் குடும்பங்களுக்கானது. ஆனால் அது கேஸ் பொய்லர் கொடுக்காது. பொய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்று இன்னொன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஹீட் பம்ப் பொருத்துவதற்கு 7,500 பவுண் கழிவு தரும் திட்டம். மிகுதிப் பணம் உங்களுடையது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் தனித்தனித் திட்டங்கள் உண்டு.

விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் பழைய பொய்லரோடுதான் வாழவேண்டும். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் தலைச்சுற்றும் வந்து வெளியே போனால் குறைகிறதென்றால் பொய்லரை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 என்ற எரிவாயு அவசர இலக்கத்துக்கு அழையுங்கள்.

சாச்சாவின் வீட்டில் வேலை முடிந்தபோது ஒரு கோப்பு நிறையக் கடதாசி கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் உத்தரவாதப் பத்திரத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யாவிட்டால் அந்த உத்தரவாதம் செல்லாது, அந்த சர்வீஸ் இலவசமும் அல்ல.