சைக்கிள் பயணத்திற்கு ஒரு முதலுதவிப் பெட்டி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் தங்குவதில்லை. நான்கைந்து பேராகச் சேர்ந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கும் அருவிக்கும் மலைக்கும் கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், போக வேண்டிய வயதுதான். ஆனால் புளிச்சோறு கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள், கூடவே ஒரு சிறு பெட்டியையும் கட்டிக் கொடுக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் இளைஞர் மன்றத்தார் கெடாவில் உள்ள ஜெராய் மலையடிவாரத்திற்குச் சைக்கிளில் போனோம். செம்மண் சடக்கின் இறக்கத்தில் ஒரு தம்பி சறுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்து, சதைக்குள் மண்ணும் சரளையும் புகுந்திருந்தன. மன்றத்துப் பெட்டியைத் திறந்தோம். கோடரித் தைலம் இரண்டு புட்டி, தலைவலி மாத்திரை, விரலுக்கு ஒட்டும் பிளாஸ்திரி நான்கு, காய்ந்துபோன மஞ்சள் மருந்து. முழங்காலைச் சுற்ற ஒரு முழம் துணி இல்லை!

"அண்ணே, கோப்பித் தூளை அப்புங்க, ரத்தம் நின்னுடும்" என்றார் ஒருவர். அப்பினோம். ரத்தம் நின்றது. ஆனால் மருத்துவமனையில் அந்தத் தூளைத் தேய்த்துக் கழுவியபோது அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகும் புண் சீழ் வைத்தது. பால்வெட்டுக்குப் போகிற பையன்; மூன்று வாரச் சம்பளம் போயிற்று.

ஆகவே பெட்டியில் முதலிடம் துணிக்கு, மருந்துக்கு அல்ல. சுத்தமான மருந்துத் துணி ஐந்தாறு மடிப்பு, சுருள் கட்டுத் துணி இரண்டு, பெரிய பிளாஸ்திரி, ஊக்கு சில. ரத்தம் பெருகினால், மடித்த துணியைக் காயத்தின் மேல் வைத்துப் பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிடியுங்கள். 'நின்றதா?' என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். சிராய்ப்பு என்றால் குடிநீரும் சவர்க்காரமும் கொண்டு மண் போகும்வரை கழுவுவதுதான் மருந்து. பஞ்சை நேராகப் புண்ணில் வைக்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். மண் பட்ட ஆழமான காயத்திற்கு டெட்டனஸ் ஊசி தேவையா என்று கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது முக்கோணத் துணி. இதைக் கடையில் தேட வேண்டாம். அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை கத்தரித்தால் இரண்டு கிடைக்கும். துவைத்துக் காய வைத்து இஸ்திரி போட்டு வையுங்கள். சைக்கிளிலிருந்து விழுகிறவர் கையை ஊன்றி விழுவார். தோள்பட்டை எலும்போ மணிக்கட்டோ முறியும். அப்போது கையை மார்போடு தாங்கிக் கழுத்தில் கட்ட இந்தத் துணிதான் உதவும். எலும்பை இழுத்துச் சரிசெய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலும், தூக்கக் கலக்கமாகப் பேசினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காட்டுக்குள் நடப்பவர்களுக்கு அட்டை கடிக்காமல் இருக்காது. உப்பு, புகையிலை, நெருப்பு எதுவும் வேண்டாம். நகத்தை அதன் வாய்க்கடியில் நுழைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அதனால் சற்று நேரம் கசியும், பயப்படாமல் கழுவி அழுத்தித் துணி கட்டுங்கள். முள் எடுக்க ஒரு சாமணம் போதும்.

பாம்புக் கடிக்குப் பெட்டியில் மருந்து கிடையாது, தேடவும் வேண்டாம். வட மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களில் மலாயாக் குழிவிரியன் உதிர்ந்த இலைகளுக்குள் அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். கடிபட்ட இடத்தைக் கயிற்றால் இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, காலை ஒரு குச்சியோடு சேர்த்து ஆடாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடிக்க நேரம் செலவிட வேண்டாம்.

மாத்திரையில் பாராசித்தமோல் மட்டும் போதும். டிங்கிக் காய்ச்சல் உள்ள நாடு நம்முடையது. அதில் ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். வெயிலில் வாடியவருக்கு உப்புச் சர்க்கரைத் தூள் இரண்டு பொட்டலம் வையுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவிக்காமல் தட்டி அளக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை தன் மருந்தைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும்.

இவ்வளவும் ஒரு பிஸ்கட் தகரத்தில் அடங்கும். மழைக்குப் பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். மூடியின் உள்பக்கம் 999 என்ற எண்ணையும், போகும் ஊரின் கிளினிக் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். பெட்டியை முன்னால் பறப்பவனிடம் கொடுக்காதீர்கள். கடைசியாக வருகிறவனிடம் கொடுங்கள். விழுந்தவனை முதலில் பார்ப்பவன் அவன்தான்.