4 ஜிபி ரேம் போட்டாச்சு... லேப்டாப் ஏன் 3 ஜிபிதான் காட்டுது? அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

திண்டுக்கல் மாவட்டம் கீரனூர் மாதிரி ஊர்களில், அலமாரியைத் திறந்தால் முதுகில் தமிழக அரசு முத்திரையோடு ஒரு பழைய லேப்டாப் இருக்க வாய்ப்பு அதிகம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தில் வந்தது. அண்ணன் படித்து முடித்த லேப்டாப், இப்போ தம்பியின் ஆன்லைன் டெஸ்ட்டுக்கு. ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறும். காரணம், ஆரம்பகால மாடல்களில் ரேம் 2 ஜிபிதான்.

சரி, ரேம் கூட்டலாம் என்று பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் ஒரு நிமிஷம். உங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால், எவ்வளவு ரேம் போட்டாலும் அது 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பு அது. காசு வீண்!

லினக்ஸில் அந்த வரம்பு இல்லை. ஆனா அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 32-பிட் சிஸ்டத்தால் சுமார் 429 கோடி பைட்டுகளுக்குத்தான் முகவரி கொடுக்க முடியும். அதாவது 4 ஜிபி. டிஸ்ப்ளே, வைஃபை போன்ற பாகங்களுக்கும் அதே முகவரிகளில் பங்கு போய்விடும். மிச்சம் 3 ஜிபி சொச்சம். ஒரே தெருவில் கதவு எண் தீர்ந்துபோன கதைதான்.

இதற்கு 'பிஏஇ' என்ற வசதி 1995-லேயே இன்டெல் பென்டியம் ப்ரோவில் வந்துவிட்டது. 64 ஜிபி வரை முகவரி கொடுக்கும். ஆனாலும் 64-பிட் லினக்ஸ் போடுவதே நல்லது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டது.

உங்கள் ப்ராசஸர் தாங்குமா? டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' கட்டளையைக் கொடுங்கள். அதில் 64-பிட் என்று இருந்தால் கவலை இல்லை. ரேம் வாங்கும்போது ரகத்தையும் பாருங்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காரவே உட்காராது.

எல்லாம் செய்த பிறகும் 4 ஜிபி முழுசாகத் தெரியாது. கிராபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அது நார்மல்.

அடுத்த பயம், 'ஃப்ரீ' கட்டளையில் காலி ரேம் வெறும் 150 எம்பி என்று வருவது. பதறாதீங்க! சும்மா கிடக்கும் ரேமில், ஏற்கெனவே திறந்த ஃபைல்களை லினக்ஸ் வைத்திருக்கும். தேவை வந்தால் உடனே காலி செய்து தரும். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் 'அவைலபிள்' எண்ணை மட்டும்தான். 'கேஷ் கிளியர் பண்ணுங்க, வேகமாகும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுபடி டிஸ்க்கில் இருந்து படிக்க வேண்டியிருப்பதால் இன்னும் ஸ்லோ ஆகும்.

ரேம் வாங்க இப்போதைக்குப் பணம் இல்லையா? 'இசட்ரேம்' ஆன் செய்யலாம். ரேமில் இருப்பதைச் சுருக்கி அதிலேயே அடைத்து வைக்கும். ஃபெடோரா 2020-ல் வந்த 33-ம் பதிப்பிலிருந்து இதைத் தானாகவே தருகிறது. 2 ஜிபி 4 ஜிபி ஆகிவிடாது. ஆனால் அஞ்சாவது டேப் திறக்கும்போது லேப்டாப் உறைந்து நிற்பது குறையும்.