ரம்பத்தின் பல்லை எண்ணுங்கள்

கோடாரிக்குக் காம்பு எந்த மரத்தில் போடுவார்கள்? கருவேல மரத்தில் போடுவார்கள். அது உறுதியான மரம். அதை அறுப்பது எளிதல்ல. ரம்பம் சரியில்லை என்றால் மரம் கருகும். பிளேடு அறுந்து தெறிக்கும். கைக்கும் ஆபத்து. கூலிக்கும் நஷ்டம்.

பெங்களூரில் நம்மவர் பலர் மரப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே பேண்ட்சா மெஷின் இருக்கும். இரண்டு சக்கரங்களைச் சுற்றி நாடா போல ஓடும் ரம்பம் அது. அந்த நாடாதான் பிளேடு.

புது பிளேடு வாங்கும்போது நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். நீளம், அகலம், தடிப்பு, ஓர் அங்குலத்தில் எத்தனை பல். நீளமும் தடிப்பும் மெஷினுக்குப் பொருந்த வேண்டும். மற்ற இரண்டும் மரத்தைப் பொறுத்தவை.

எத்தனை பல்?

பல் அதிகமானால் வேகமாக அறுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மரத்தின் கனம் 6 அங்குலம். பிளேடில் அங்குலத்துக்கு 10 பல். 6 x 10 = 60. ஒரே நேரத்தில் 60 பல் மரத்துக்குள் இருக்கும். பல்லுக்குப் பல் உள்ள பள்ளம் சிறியது. அறுபடும் தூள் அதில் அடைத்துக்கொள்ளும். பிளேடு சூடாகும். கோணலாக ஓடும்.

அங்குலத்துக்கு 3 பல் என்றால் 6 x 3 = 18. பள்ளம் பெரியது. தூள் வெளியே வந்துவிடும். கனமான கடின மரத்துக்கு இதுவே நல்லது.

மெல்லிய பலகைக்கு இது ஆகாது. அரை அங்குலப் பலகையில் ஒன்றரைப் பல்தான் பதியும். பல் பலகையைக் கொத்தி இழுக்கும். குறைந்தது 3 பல் மரத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே அரை அங்குலப் பலகைக்கு அங்குலத்துக்கு 6 பல் வேண்டும்.

எவ்வளவு அகலம்?

நேராக அறுக்க அகலமான பிளேடு வேண்டும். அது எளிதில் விலகாது. வளைத்து அறுக்க அகலம் குறைந்த பிளேடு வேண்டும். அரை அங்குல பிளேடு சுமார் 5 அங்குல வட்டத்தைச் சுற்றும். கால் அங்குல பிளேடு சுமார் ஒன்றேகால் அங்குல வட்டத்தையே சுற்றிவிடும்.

ரேகையைப் பாருங்கள்

காம்பு அடி தாங்க வேண்டும். வில் வளைந்து நிமிர வேண்டும். இரண்டிலும் மரத்தின் நார் முனைக்கு முனை தொடர்ந்து ஓட வேண்டும். நார் அறுபட்ட இடத்தில்தான் மரம் ஒடியும். ஆகவே ரேகை ஓடும் வழியிலேயே பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுங்கள்.

விரல் முக்கியம்

தூள் மாவு போல விழுகிறதா? புகை நாற்றம் வருகிறதா? மரத்தை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறதா? பிளேடு மழுங்கிவிட்டது. அழுத்தித் தள்ளும்போது கை வழுக்கினால் விரல் போய்விடும். மெஷினை நிறுத்துங்கள். மின் இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு பிளேடை மாற்றுங்கள். மாற்றும்போது கையுறை போடுங்கள். மெஷின் ஓடும்போது போட வேண்டாம். கடைசித் துண்டைக் கையால் தள்ளாதீர்கள். குச்சியால் தள்ளுங்கள்.

மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அறிவித்தது.

மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. மரவேலைப் பயிற்சி பற்றி அங்கே கேட்கலாம்.

புது பிளேடு வாங்கப் பணம் செலவாகும் என்று முதலாளி தயங்கலாம். இந்தக் கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். கெட்டுப்போகும் மரத்தின் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப் போடுங்கள்: வேங்கை மரத்தின் கனம் 4 அங்குலம். பிளேடில் அங்குலத்துக்கு 3 பல். மரத்துக்குள் எத்தனை பல் இருக்கும்?