லைனை நிறுத்தும் உரிமை யாருக்கு?

2021 மே 10 அன்று கொரோனா இரண்டாம் அலைக்கான ஊரடங்கு தமிழ்நாட்டில் தொடங்கியது. பேருந்துகள் நின்றன, டாஸ்மாக் கடைகளைக்கூட மூடினார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மட்டும் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தன. இடைவிடாமல் இயங்கவேண்டிய ஆலைகளுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு இருந்தது. கார் ஆலைகளும் இயங்க அனுமதி பெற்றிருந்தன.

அந்த விலக்குக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. இரும்பு உருக்கும் உலையைத் திடீரென்று அணைத்தால் உள்ளே இருக்கும் குழம்பு உறைந்து, உலையே பாழாகிவிடும். கண்ணாடி உலைக்கும் இதே கதிதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்தி மறுபடி ஓட்டுவதும் லேசான வேலை இல்லை. கார் பூட்டும் லைன் அந்த வகையில் சேராது. அது ஞாயிற்றுக்கிழமை நிற்கிறது, பொங்கலுக்கு நிற்கிறது, உதிரிபாகம் ஏற்றிய லாரி வராவிட்டாலும் நிற்கிறது. தொற்று வந்தால் மட்டும் ஏன் நிற்கக் கூடாது என்று தொழிலாளர்கள் கேட்டபோது, திருப்தியான பதில் யாரிடமும் இல்லை.

ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லைனில் தனிமனித இடைவெளி காற்றில் பறக்கிறது, உற்பத்தியை விட உயிர் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பது சங்கத்தின் வாதம். நெறிமுறைகள் அனைத்தும் கடைப்பிடிக்கப்படுகின்றன, ஏற்றுமதி ஆர்டர்களையும் உள்நாட்டு முன்பதிவுகளையும் முடித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்றது நிர்வாகம். மே 26 முதல் வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்தது. நிர்வாகம் அன்றிலிருந்து சில நாள்களுக்கு ஆலையை மூடியது. அதற்கு முன்பே, மே 24 அன்று, ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை விட்டு உட்கார்ந்துவிட, அந்த ஆலையும் ஐந்து நாள் மூடப்பட்டது. அரசு சொல்லி மூடவில்லை. தொழிலாளர்கள் சொல்லி மூடினார்கள். பெருந்தொற்றில் தொழிலிடப் பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கார் லைனில் இடைவெளி விடுவது ஏன் அவ்வளவு பெரிய சிக்கல்? லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நிலையிலும் இத்தனை விநாடிக்குள் இந்த வேலை முடியவேண்டும் என்ற கணக்கு உண்டு. கதவு மாட்டுபவர், வயரிங் இழுப்பவர், டேஷ்போர்டு பொருத்துபவர் என்று ஒரே வண்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் பலர் ஒரே நேரத்தில் நிற்பார்கள். ஒருவர் வேலை முடியாமல் இரண்டடி நகர்ந்தால், பக்கத்து நிலைக்காரர் இடத்தில் போய் நிற்பார். இது யாருடைய ஒழுங்கீனமும் இல்லை. லைனின் வேகம் அவர்களை அப்படி நிறுத்துகிறது. தரையில் மஞ்சள் வட்டம் வரைந்து "இங்கே நில்லுங்கள்" என்றால் வண்டி நகர்வதை நிறுத்திவிடுமா?

உயர் நீதிமன்றம் தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரியை ஆலைக்கு அனுப்பிப் பார்வையிடச் சொன்னது. அதன் பிறகு வந்த பரிந்துரைதான் இந்த வழக்கின் சாரம்: மூன்று வண்டிக்கு அடுத்து ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். லைன் அதே வேகத்தில் ஓடினால், நான்கு கார் வரவேண்டிய நேரத்தில் மூன்றுதான் வரும். உற்பத்தியில் கால் பங்கு போய்விடும். மற்ற ஆலைகளுக்கு இல்லாத கட்டுப்பாடு தனக்கு மட்டும் எதற்கு என்று நிர்வாகம் ஆட்சேபித்ததில் வியப்பில்லை. முகக்கவசமும் கிருமிநாசினியும் எத்தனை ஆயிரம் வாங்கினாலும் அந்தக் கால் பங்குக்குப் பக்கத்தில் வராது.

பாதுகாப்புத் துறையில் உலகெங்கும் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் இயந்திரத்தையும் கட்டடத்தையும் மாற்று. அடுத்து வேலை முறையை மாற்று. இவை எல்லாம் செய்தபிறகும் மிஞ்சும் ஆபத்துக்குத்தான் தொழிலாளியின் உடம்பில் மாட்டும் கவசம். கொரோனா காலத்தில் பெரும்பாலான தொழிலிடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, கையில் இரண்டு சொட்டு திரவம், முகத்தில் துணி. அதற்கு மேல் அவரவர் பாடு. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றைப் பரப்ப முடியும் என்பதால், வெப்பமானியில் சிக்காமல் உள்ளே போனவர்கள் ஏராளம். மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் எப்படியும் சிக்கமாட்டார்.

காற்றைப் பற்றி ஆரம்பத்தில் யாரும் பேசவில்லை. தென்கொரியத் தலைநகர் சியோலில் 2020 மார்ச்சில் ஒரு கால்சென்டரில் நடந்தது எச்சரிக்கையாக இருந்திருக்கவேண்டும். பல மாடிக் கட்டடம். 11ஆவது மாடியில் 216 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் 94 பேருக்குத் தொற்று. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அதே லிஃப்டையும் வாசலையும் பயன்படுத்திய மற்ற மாடிக்காரர்களிடம் தொற்று மிகக் குறைவு. நெருக்கமான மேசைகள், மூடிய அறை, நாள் முழுக்கப் பேச்சு; இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மாடியின் இருக்கை வரைபடம் காட்டியது. மூச்சிலிருந்து வரும் நுண்துளிகள் மூடிய அறைக் காற்றில் மிதந்து பரவுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகத் தன் விளக்கத்தில் சேர்த்தபோது 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. அதுவரை உலகமே மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் செலவு கிடையாது, ஆனால் ஏ.சி. அலுவலகங்கள் பலவற்றில் திறக்கக்கூடிய ஜன்னலே இல்லை.

வேலை செய்யும் இடத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் வங்காளதேசத்தவர்களுக்கும் இது பட்டுத் தெரிந்தது. 2020 ஏப்ரலில் பொங்கோல் எஸ்11 விடுதி தனிமைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்து மற்ற விடுதிகளும் பூட்டப்பட்டன. பன்னிரண்டு, பதினாறு, இருபது பேர் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்து, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தி, லாரியின் பின்னால் ஏறி வேலைக்குப் போனவர்கள். அந்த ஆண்டு இறுதியில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3.2 லட்சம் பேரில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நகரவாசிகளுக்குக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபிறகும் விடுதிக்காரர்களுக்கு நெடுநாள் அறையும் வேலையிடமும் மட்டும்தான். பிறகு புதிய விடுதிகளுக்கு அறைக்கு 12 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓர் அறையை ஆறேழு பேர் பகிர்ந்துகொண்டு, ஷிஃப்ட் மாறி மாறித் தூங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாடகை வீடுகளை யார் எண்ணினார்கள்?

இனி சம்பளம். காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருபவரைப் பொறுப்பற்றவர் என்று திட்டுவது சுலபம். அவர் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு 2020இல் மத்திய அரசு ஒரு துணிச்சலான பதில் சொன்னது. ஊரடங்கில் மூடிய நிறுவனங்கள் பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் தரவேண்டும் என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. வருமானமே இல்லாத சிறு முதலாளிகள் நீதிமன்றத்தை நாடினார்கள். மே 18 முதல் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், சம்பளம் தராத முதலாளிகள்மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. சங்கம் இல்லாத பட்டறைத் தொழிலாளி முதலாளியோடு என்ன பேசித் தீர்க்க முடியும் என்பது வேறு விஷயம். பல நாடுகளில் இந்தச் சம்பளத்தில் பெரும் பங்கை அரசே ஏற்றது. இங்கே அந்தச் சுமையை முதலாளி தலையில் வைத்து, பிறகு இறக்கிவிட்டு, கடைசியில் தொழிலாளி தலையில் விட்டார்கள் என்பதுதான் நடந்தது.

அடுத்த நிவாரணம் வருங்கால வைப்புநிதி. மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை அப்போது எடுத்துக்கொள்ள முடிந்தது. திருப்பிக் கட்டவேண்டாம் என்றார்கள். இரண்டாம் அலையில் இன்னொரு முறையும் எடுக்க அனுமதி வந்தது. அவசரத்துக்கு உதவியது உண்மை. ஆனால் அது தொழிலாளியின் சொந்தப் பணம், அவருடைய முதுமைக்கு வைத்திருந்தது. அதை நிவாரணம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான காப்பு என்று சொல்லத்தக்கது இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியும் 3.25 சதவீதம் முதலாளியும் கட்டுகிறார்கள். நோய்வாய்ப்பட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கோவிட்டால் இறந்தவரின் குடும்பத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதத்தை ஓய்வூதியம்போல் தரும் திட்டமும் பிறகு வந்தது. இவ்வளவும் கிடைக்க ஒரு நிபந்தனை: உங்கள் பெயரில் யாராவது சந்தா கட்டியிருக்கவேண்டும். காண்டிராக்டர் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டிருந்தால், அது காய்ச்சல் வந்தபிறகுதான் தெரியவரும்.

தொற்றைக் காரணம் காட்டி மறுபக்கம் நகர்ந்த அரசுகளும் உண்டு. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு, நாளொன்றுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டாம் என்று அறிவித்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் போர் போன்ற பொது அவசரநிலைக்கு என்று வைத்திருந்த பிரிவைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. பெருந்தொற்றால் வந்த பொருளாதார நெருக்கடி அந்தப் பிரிவு சொல்லும் அவசரநிலை ஆகாது என்று கூறி, கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தையும் கொடுக்கச் சொன்னது.

வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் கதை தனி. அவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. காரணம், எழுதியவர்களும் அப்படித்தான் வேலை பார்த்தார்கள். ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். 2020 ஏப்ரலில் டி.சி.எஸ். நிறுவனம், 2025க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீத ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற இலக்கை அறிவித்தது. 2023 இறுதிக்குள் அதே நிறுவனம் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்லிவிட்டது.

மறுபடி ஒரகடத்தின் கேள்விக்கு வருவோம்: ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளி வேலையை நிறுத்தலாமா? பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், 44ஆவது பிரிவில், கடுமையான உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் ஊழியர் அந்த இடத்தைவிட்டு விலகினால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2021 ஜனவரியில் அங்குள்ள ஆசிரியர் சங்கம், பள்ளிக்கு வர மறுத்து இந்தப் பிரிவின்கீழ் கடிதம் கொடுக்கத் தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்டியது. பள்ளிகள் திறந்த ஜனவரி 4ஆம் தேதி மாலையே மூடல் அறிவிப்பு வந்தது.

நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் போபாலுக்குப் பிறகு, 1987இல், 41எச் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஆபத்து நெருங்குகிறது என்று தொழிலாளி எச்சரிக்கலாம், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது அது. ஆனால் அபாயகரமான செய்முறை என்று சட்டம் பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும். 2020 செப்டம்பரில், தொற்று உச்சத்தில் இருந்தபோது, நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆவது பிரிவு, எச்சரிக்கும் உரிமையை அபாயகரத் தொழில்களுக்கு வெளியேயும் விரித்திருக்கிறது. முதலாளிக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றாவிட்டால், விஷயம் ஆய்வாளரிடம் போகும். அவர் சொல்வதே முடிவு.

எச்சரிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது; லைனைவிட்டு விலகலாம் என்று சொல்லவில்லை. ஆய்வாளர் வரும்வரை வண்டிகள் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். சட்டம் பொதுவாகப் பத்து பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். ஏழெட்டு பேரை வைத்துப் பவர்டேபிளில் ஜாப் ஒர்க் பார்க்கும் திருப்பூர் யூனிட்டில் எச்சரிக்கை கொடுக்க விரும்பும் டெய்லர், இந்தப் பிரிவைக் காட்டிப் பேச முடியாது.